சட்டைப்பையில் இருந்த காது

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் என் அறைக்கு வந்த ஒரு மருத்துவர், எதிரே உட்கார்ந்ததும் சட்டைப்பைக்குள் கைவிட்டு இரண்டு காது கேட்கும் கருவிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றின் நுனி ரப்பரைக் காணவில்லை. ஒரு நாளைக்கு 40 நோயாளிகளாம். ஒவ்வொருவருக்கும் கருவியைக் கழற்றி, ஸ்டெதஸ்கோப்பை மாட்டி, மறுபடியும் கருவியைச் செருக வேண்டும்.

"கருவியோடு வைத்தால் கீச்சென்று கத்துகிறது, இதயம் துடிப்பதே தெரியவில்லை. காது இன்னும் கெட்டுவிட்டதா?" என்றார்.

கெடவில்லை. காது கேட்கும் கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. இதயத்தின் 'லப்-டப்' பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே முனகும் ஒலி. அந்த ஆழத்தில் கருவி அதிகம் கைகொடுக்காது. துளை வைத்த ரப்பர் நுனியாக இருந்தால் கொஞ்சநஞ்ச அடித்தொனியும் அதன் வழியே கசிந்துவிடும். இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடு வேறு, சீரான மூச்சொலியை மின்விசிறிச் சத்தம் என்றெண்ணி அமுக்கப் பார்க்கும்.

1816-இல் ரெனே லேனெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்த நாளிலிருந்து ஸ்டெதஸ்கோப் வெறுங்காதுக்கான பொருள். காதுத் துளைக்குள் உட்காரும் சிறிய கருவியின் மேலேயே அதன் முனையை வைத்து அழுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், வேண்டாம்.

அவருடைய ஆடியோகிராமை, அதாவது எந்தத் தொனி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, எடுத்துப் பார்த்தேன். 500 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய இயல்பு, 2000-க்கு மேல் செங்குத்துச் சரிவு. வயதால் வரும் குறைபாடு பெரும்பாலும் உயர்தொனியில்தான் தொடங்கும். ஆக, இதயத்தைக் கேட்க அவருக்குக் கருவியே தேவையில்லை! தொனி கூடிய, நுரையீரலின் மெல்லிய நெறுநெறுப்பில்தான் எனக்குச் சந்தேகம். அதற்கு ஒலியைப் பெருக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெதஸ்கோப்பைப் பரிந்துரைத்தேன்.

தாழ்தொனியும் போனவர்களின் கதை வேறு. அவர்கள் கருவியைக் கழற்றக் கூடாது. காதின் அளவுக்கே செய்து காதை அடைத்து நிற்கும் அச்சு, இரைச்சல் குறைப்பை நிறுத்திய தனி புரோகிராம், எலெக்ட்ரானிக் ஸ்டெதஸ்கோப்பிலிருந்து ஒலி நேரே கருவிக்கு வரும் இணைப்பு என்று பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் அணியும் கருவி என்றால், மைக்கையும் சேர்த்து மூடும் பெரிய ஹெட்போன் சிலருக்குப் போதும். புளூடூத் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். பேச்சு அருமையாக வரும் இணைப்பில் இதய ஒலி காணாமல் போவதுண்டு. உங்கள் கருவியோடு இணைத்து, ஒரு மார்பில் வைத்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது நோயாளிகள் ஏதாவது சொல்வார்கள். சும்மா தலையாட்டிவிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒருவர் சொல்லியிருந்தால்? அதற்கும் தலையாட்டல்தானே கிடைத்திருக்கும்?

அடுத்த முறை வந்தபோது கருவிகளுக்கு ஒரு சின்ன டப்பா வைத்திருந்தார். கழற்றும் முன் இப்போது சொல்லிவிடுகிறாராம்: "கொஞ்ச நேரம் எனக்குக் காது கேட்காது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்குங்கள்."