மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைகளும் மேற்கோள்களும் எப்படி எண்ணப்படுகின்றன?

இலங்கைப் பல்கலைக்கழகமொன்றின் மருத்துவ பீடத்தில் சிரேஷ்ட விரிவுரையாளராக இருப்பவர் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது, முதலில் தனக்குத் தானே புள்ளியிட்டுக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 916 ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் இந்தப் புள்ளித் திட்டத்தை வகுத்துள்ளன. கற்பித்தல் ஒரு பகுதி. ஆய்வு இன்னொரு பகுதி. அறிவைப் பரப்புவதும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றிய பணியும் மூன்றாவது. ஒவ்வொரு புள்ளிக்கும் சான்று இணைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்கள் அதைச் சரிபார்ப்பார்கள்.

கற்பித்தல் பகுதியில் பெரும்பாலும் குழப்பம் இல்லை. நேர அட்டவணை இருக்கிறது, பரீட்சைக் கடமைக் கடிதங்கள் இருக்கின்றன. ஆய்வுப் பகுதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கொழும்பில் மருத்துவ நூலகப் பணியில் இருக்கும் நான், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய வாரத்தில் மேசைக்கு வரும் வைத்தியர்களிடமிருந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “என்னுடைய மேற்கோள் எண்ணிக்கை, அதாவது என் கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டின என்ற கணக்கு, ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?” பதவியுயர்வுக்கு மட்டுமல்ல, ஆய்வு நிதிக்கும் விருதுகளுக்கும் விண்ணப்பிப்பவர்களும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள்.

காரணம் எளிது. ஒவ்வொரு தரவுத்தளமும் தன்னிடம் இருக்கும் சஞ்சிகைகளை மட்டுமே எண்ணுகிறது. வெப் ஒஃப் சயன்ஸ் கடுமையாகத் தெரிவு செய்யும். ஸ்கோபஸ் அதைவிடக் கூடுதலான சஞ்சிகைகளைச் சேர்க்கும். கூகுள் ஸ்கொலர் பட்டப்பின் ஆய்வேடுகள், மாநாட்டுச் சுருக்கங்கள், நிறுவனங்களின் இணையத்தளங்களில் கிடக்கும் அறிக்கைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்க்கும். ஆகவே அதன் எண்ணிக்கை ஏறத்தாழ எப்போதும் பெரிதாகவே இருக்கும். மூன்றும் பொய்யல்ல. எந்த இடத்தில், எந்த நாளில் எண்ணப்பட்டது என்று எழுதாத எண்தான் பயனற்றது. விதிமுறை ஒரு குறிப்பிட்ட பட்டியலைக் கேட்டால் அந்தப் பட்டியலுக்கே போக வேண்டும். உதாரணமாக, தேசிய ஆராய்ச்சிப் பேரவை விஞ்ஞான வெளியீடுகளுக்காக நடத்திய ஜனாதிபதி விருதுகளில், வெப் ஒஃப் சயன்ஸில் அடங்கும் சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸின் விரிவாக்கப் பட்டியலில் உள்ள சஞ்சிகைகளே கணக்கில் எடுக்கப்பட்டன. அங்கே கூகுள் ஸ்கொலர் எண்ணைக் காட்டிப் பயனில்லை.

எச்-சுட்டெண்: ஒரு கணக்கு

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு இது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசைப்படுத்துங்கள். எட்டுக் கட்டுரைகள் எழுதிய ஒருவருக்குக் கிடைத்த மேற்கோள்கள் 64, 31, 12, 9, 6, 5, 2, 0 என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையின் வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் இருக்கும்வரை மேலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், ஐந்தைவிடக் குறையவில்லை. ஆறாவதற்கு 5தான்; ஆறை எட்டவில்லை. ஆகவே எச்-சுட்டெண் 5. கூகுள் ஸ்கொலர் காட்டும் ஐ10 சுட்டெண் இன்னும் எளிது: பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை, இங்கே 3.

இதே கணக்கில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதல் கட்டுரைக்கு 64க்குப் பதிலாக 640 மேற்கோள் கிடைத்திருந்தாலும் எச்-சுட்டெண் 5 ஆகவே இருக்கும். ஒரு துறையையே திருப்பிப்போட்ட கட்டுரையை இந்த அளவு கண்டுகொள்ளாது. மறுபுறம், ஆறாவது கட்டுரைக்கு ஒரேயொரு மேற்கோள் கூடினால் சுட்டெண் 6 ஆகிவிடும். அந்த ஒன்றை ஆய்வாளர் தன்னுடைய அடுத்த கட்டுரையில் தானே எழுதிக்கொள்ளவும் முடியும். முந்திய ஆய்வின் தொடர்ச்சியாக எழுதும்போது தன்னை மேற்கோள் காட்டுவது இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் சுய மேற்கோள்களை நீக்கிய எண்ணையும் பக்கத்தில் கொடுத்துவிடுவது நேர்மை. ஸ்கோபஸில் அந்த வசதி இருக்கிறது.

எச்-சுட்டெண் வயதோடு ஏறுமேயொழிய இறங்காது. 25 ஆண்டு எழுதியவரையும் வைத்தியசாலைப் பணிக்கிடையே ஆறு ஆண்டு எழுதியவரையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம். மகப்பேற்று விடுமுறையில் இருந்தவர், மாவட்ட வைத்தியசாலையில் தனியாளாகச் சேவை செய்தவர் ஆகியோரின் இடைவெளிகள் இந்த எண்ணில் தெரியாது. விண்ணப்பத்தில் அவற்றை எழுத்தில் சொல்லத்தான் வேண்டும்.

சஞ்சிகையின் தாக்கக் காரணி ஆய்வாளரின் மதிப்பெண் அல்ல

இம்பெக்ட் ஃபெக்டர் என்று எல்லோரும் சொல்லும் தாக்கக் காரணி, சஞ்சிகைக்கு உரியது. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளில் ஒரு சஞ்சிகை 200 கட்டுரைகளை வெளியிட்டு, அவற்றுக்கு 2024இல் 600 மேற்கோள் கிடைத்திருந்தால், 2024க்கான தாக்கக் காரணி 3. இது ஒரு சராசரி. அந்த 600இல் பெரும்பகுதியைச் சில கட்டுரைகளே ஈட்டியிருக்கும். மற்றப் பல கட்டுரைகள் ஒன்றிரண்டோடு நின்றிருக்கும். உங்கள் கட்டுரை எந்தப் பக்கம் என்பதை இந்த 3 சொல்லாது. மேற்கோள் பட்டியல்களின் முன்னோடியான யூஜின் கார்பீல்ட் வளர்த்தெடுத்த இந்த அளவு, நூலகங்கள் சஞ்சிகைகளைத் தெரிவு செய்ய உதவியது. ஆளை நிறுக்க அதை எடுத்துவந்தது பிற்காலத்துப் பழக்கம். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி 2013இல் வெளியான டோரா எனும் ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் இதை நேரடியாகவே எதிர்த்தது: தனி ஆய்வாளரை வேலைக்கு எடுக்கவோ, உயர்த்தவோ, நிதி வழங்கவோ சஞ்சிகையின் எண்ணைப் பதிலாளாக வைக்கக் கூடாது. ஆய்வு அளவீடுகளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது பற்றிய 2015இன் லெய்டன் அறிக்கை தந்த பத்துக் கோட்பாடுகளில், உள்ளூர் முக்கியத்துவம் கொண்ட ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்பதும் ஒன்று.

அந்தக் கோட்பாடு எங்களுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. 2016இல் வெளியான தேசியப் பாம்புக்கடி ஆய்வை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் 44 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் விசாரித்து, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாவதாகவும் 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் அது மதிப்பிட்டது. வைத்தியசாலைப் பதிவேடுகளை மட்டும் பார்த்தால் தெரியாத பாரம் அது. பாம்புக்கடியை ஆராய்பவர்கள் உலகில் குறைவு. எழுதுபவர்கள் குறைவாக இருக்கும் துறையில் மேற்கோள் காட்டுபவர்களும் குறைவு. புற்றுநோய் மரபணு ஆய்வாளர் ஒருவர் ஈராண்டில் பெறும் எண்ணிக்கையைப் பாம்புக்கடி ஆய்வாளர் பத்தாண்டிலும் பெறாமல் போகலாம். ஆனால் விஷமுறி மருந்து எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு தேவை என்ற கேள்விக்கு விடை இந்த வகை ஆய்விலிருந்துதான் வர வேண்டும். பூச்சிகொல்லிக் கட்டுப்பாடும் அப்படித்தான். 1995இல் மிக நச்சான பூச்சிகொல்லிகளும் 1998இல் எண்டோசல்ஃபானும் தடை செய்யப்பட்டபின் 2005 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தடைக்கும் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஆய்வுகள் பின்னர் பிற நாடுகளின் கொள்கை விவாதங்களிலும் இடம்பெற்றன. அமைச்சுச் சுற்றறிக்கை, சிகிச்சை வழிகாட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை ஆகியவற்றில் உங்கள் ஆய்வு இடம்பெற்றிருந்தால் அதன் பிரதியைக் கட்டாயம் இணையுங்கள். மேற்கோள் தரவுத்தளங்கள் இவற்றில் பலவற்றைப் பிடிப்பதில்லை. 1887 முதல் வெளிவரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் நீங்கள் எழுதிய கட்டுரையை வார்ட்டில் நிற்கும் வைத்தியர்கள் படித்ததும் மேற்கோள் எண்ணில் தெரியாது.

துறைகளுக்கிடையேயான இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் அளவுகளும் இருக்கின்றன. ஸ்கோபஸ் தரவிலிருந்து கணிக்கப்படும் துறைசார் மேற்கோள் தாக்கம், அதே துறையில் அதே ஆண்டில் வந்த அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியை 1 என்று வைக்கிறது. 1.4 என்றால் எதிர்பார்த்ததைவிட 40 வீதம் கூடுதல். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகங்களின் ஐசைட் தளம், மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் உள்ள கட்டுரைகளுக்கு, துறையோடு ஒப்பிட்ட சார்பு மேற்கோள் விகிதத்தைக் கட்டணமின்றிக் காட்டும். சந்தா இல்லாத வைத்தியசாலையில் இருப்பவர்களுக்கு இது பேருதவி.

பெயர் வரிசையும் கவனிக்கப்படும். உலக நோய்ப்பாரம் பற்றிய பெரும் கூட்டாய்வுகளில் நூற்றுக்கணக்கானோரின் பெயர்கள் இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டில் இடம்பெற்றாலே மேற்கோள் ஆயிரங்களைத் தாண்டிவிடும். அதில் தவறில்லை, ஆனால் உங்கள் பங்கு என்ன என்று எழுத வேண்டும். மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதிப்படி, கட்டுரையாசிரியராக இடம்பெறுபவர் ஆய்வில் கணிசமாகப் பங்களித்து, எழுத்திலோ திருத்தத்திலோ ஈடுபட்டு, இறுதி வடிவத்தை ஏற்று, அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். நான்கும் வேண்டும். பிரிவுத் தலைவர் என்பதற்காக மட்டும் ஒருவரின் பெயரைச் சேர்ப்பது இந்த விதிக்கு முரண்.

தமிழ்ப் பெயர்களுக்கு வரும் சிக்கல்

கணினிக்குக் குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். எங்களுக்கு அது இல்லை. செல்வராசாவின் மகள் கௌரி முதல் கட்டுரையில் “செ. கௌரி” என்று எழுதுகிறார். அடுத்த சஞ்சிகை முழுப்பெயர் கேட்டதால் “கௌரி செல்வராசா” ஆகிறார். திருமணத்துக்குப் பின் கணவரின் பெயர் சேர்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் கட்டுரைக்குக் கட்டுரை மாறுகிறது. தரவுத்தளம் இவரை மூன்று நான்கு ஆட்களாகப் பிரித்து வைக்கும். மொத்த மேற்கோள் 129 இருக்க வேண்டியவருக்குப் பிரிந்த ஒரு பதிவில் 40 மட்டும் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு: “எஸ். சிவகுமார்” என்று தேடினால் பொறியியலாளர், விவசாய விஞ்ஞானி, சத்திரசிகிச்சை நிபுணர் ஆகியோரின் கட்டுரைகள் ஒரே தலையில் குவிந்திருக்கும். மற்றவரின் கட்டுரை உங்கள் பக்கத்தில் தானாக வந்து சேர்ந்திருந்தாலும், அதோடு விண்ணப்பித்தால் பொறுப்பு உங்களுடையதுதான்.

இதற்குத் தீர்வு 2012இல் தொடங்கிய ஓர்கிட். 16 இலக்க அடையாள எண், கட்டணம் இல்லை. ஒருமுறை பதிந்து, பழைய பெயர் வடிவங்கள் அனைத்தையும் அதில் சேர்த்து, ஒவ்வொரு கட்டுரையையும் அனுப்பும்போது அந்த எண்ணைக் கொடுங்கள். ஸ்கோபஸில் பிரிந்த பதிவுகளை ஒன்றாக்கக் கோரும் வசதி உண்டு. விண்ணப்ப முடிவுத் திகதிக்குச் சில வாரங்களுக்கு முன்பே கோருவது நல்லது. கூகுள் ஸ்கொலரில் தன்னியக்கச் சேர்ப்பை நிறுத்திவிட்டு, பட்டியலை நீங்களே பார்த்து அனுமதியுங்கள்.

சஞ்சிகைப் பட்டியல்களும் நிலையானவையல்ல. 2023 மார்ச்சில் வெப் ஒஃப் சயன்ஸ் 50க்கு மேற்பட்ட சஞ்சிகைகளை நீக்கியது. அவற்றில் பொதுச் சுகாதாரத் துறையில் பலரும் எழுதிய ஒரு பெரிய சஞ்சிகையும் இருந்தது. ஆகவே கட்டுரை வெளிவந்த நாளில் சஞ்சிகை பட்டியலில் இருந்ததைக் காட்டும் பக்கத்தை அன்றே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் வெளியிடுவதாக மின்னஞ்சலில் அழைத்து டொலரில் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் அயோனிடிஸ் தலைமையில் ஆண்டுதோறும் வரும் “முதல் 2 வீத விஞ்ஞானிகள்” பட்டியலும் ஸ்கோபஸ் தரவில் தயாரிக்கப்படுவதே. பெயர் பிரிந்து கிடந்தால் அதிலும் இடம் தவறலாம்.

விண்ணப்பத்தில் எழுதும்போது இந்த அளவு விபரம் போதும்: “ஸ்கோபஸ், 2025 மே 12: கட்டுரைகள் 8, மேற்கோள் 129, சுய மேற்கோள் நீங்கலாக 117, எச்-சுட்டெண் 5. முதல் ஆசிரியராக 4, தொடர்பு ஆசிரியராக 2.” அதன் கீழே ஓர்கிட் எண். அதற்கும் கீழே, மிக முக்கியமான மூன்று கட்டுரைகளைப் பற்றி, எதைக் கண்டறிந்தீர்கள், யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்று கட்டுரைக்கு இரண்டு வரி. திரைப்பிரதிகளை அதே நாளில் எடுத்து இணைப்பாக வையுங்கள். மதிப்பீட்டாளர் பல மாதங்களுக்குப் பிறகு தேடும்போது எண்கள் கூடியிருக்கும்.