திருவக்கரை கல்மரம்: கிடக்கும் திசையும் ஒரு சான்று

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் ஒரு காடு நின்ற இடத்திலேயே கல்லாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. 3 முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. கிளையும் இல்லை, இலையும் இல்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் புரட்டிக்கொண்டு வந்து மணலிலும் கூழாங்கல்லிலும் புதைத்தவை இவை. இந்தப் படிவைக் கடலூர் மணற்கல் என்கிறோம்.

காற்றுப் படாமல் புதைந்ததால் மரம் சீக்கிரம் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா (மணலில் இருக்கும் அதே கனிமப் பொருள்) மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து படிந்தது. உள்ளமைப்பு அப்படியே பிழைத்தது அதனால்தான். குறுக்குவெட்டு முகத்தைக் கொஞ்சம் நனைத்து, 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசி குத்தியது போன்ற துளைகள் தெரிந்தால் அநேகமாகப் பூக்கும் மரம்; துளையே இல்லாமல் சீரான நுண்வரிசை மட்டும் என்றால் ஊசியிலை மர வகை. இரண்டும் இங்கே உண்டு. கத்தியால் கீறிப் பார்க்க வேண்டாம். சிலிக்கா எஃகைவிடக் கடினம், கத்தியின் இரும்புதான் கல்லில் தடமாக ஒட்டும். வரிவரியாக இருப்பதெல்லாம் கல்மரமும் அல்ல: இரும்பு ஏறிய மணற்கல்லும் அப்படித்தான் இருக்கும், ஆனால் தேய்த்தால் மணல் நெருடும்.

"ஒரு சில்லுதானே" என்று எடுத்துப்போவதுதான் பெரிய சேதம். எந்த அடுக்கு, என்ன ஆழம், எந்தத் திசை என்று தெரியாத துண்டு வெறும் அலங்காரக் கல். மரங்கள் கிடக்கும் திசைகளை அளந்தே பழைய ஆற்றின் போக்கை ஊகிக்கிறோம். சில நீரோட்டத்துக்கு இணையாகவும் சில குறுக்காகவும் கிடக்கும் என்பதால், நீர் ஓடிய பக்கமாகச் சாய்ந்து படிந்த மணல் அடுக்குகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஒரு மரத்தைப் புரட்டிவிட்டால் அந்த அளவு போய்விடும்.

இங்குள்ள 247 ஏக்கர் கல்மரப் பூங்காவை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காக்கிறது. ஆனால் படிவு வேலியோடு நிற்பதில்லை. செம்மண் எடுக்கும்போதோ கிணறு வெட்டும்போதோ கல்மரம் தட்டுப்பட்டால் ஜேசிபியை நிறுத்துங்கள். அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். மேலே, பக்கவாட்டில், சுற்றியுள்ள மண்சுவரையும் சேர்த்து. செல்போனில் இருப்பிடம், திசை, தரையிலிருந்து ஆழம் மூன்றையும் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் ஆய்வுத் துறைக்கும் தெரிவியுங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அவர்கள் வரத் தாமதமானால் தோண்டிய மணலையே மேலே தளர்வாகப் பரப்பி மூடினால் போதும்.