கலங்கரை விளக்கத்தில் ஏறினால் கடல் எவ்வளவு நீளும்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே, 1836இல் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. மேலே ஏறினால் கடல் அதிகத் தூரம் தெரியும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு மடங்கு உயரம் ஏறினால் இரண்டு மடங்கு தூரம் தெரியுமா? தெரியாது. நான்கு மடங்கு ஏற வேண்டும்.

கண்ணிலிருந்து அடிவானத்துக்குப் போகும் பார்வைக்கோடு பூமிக்குத் தொடுகோடு. தொடும் இடத்தில் பூமியின் ஆரத்தோடு (சுமார் 6,371 கிலோமீட்டர்) அது செங்கோணம் அமைக்கும். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் கிடைப்பது:

தூரம் = 3.57 × √உயரம்

உயரம் மீட்டரில், தூரம் கிலோமீட்டரில். (காற்று ஒளியைச் சற்று வளைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.)

அலை விளிம்பில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருக்குக் கடல் 4.5 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் போன கட்டுமரம் கீழிருந்து மேலாக மறையத் தொடங்கும். கண் 1 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு உயர்ந்தால் 3.57 கிலோமீட்டர் கூடுகிறது. ஏறியது 3 மீட்டர். அதே 3.57ஐ மறுபடி பெற 5 மீட்டர் ஏற வேண்டும்; பிறகு 7, பிறகு 9. படிக்கட்டில் மூச்சு வாங்க வாங்க ஆதாயம் குறைகிறது.

3.57ஐ நீக்கினால் மிஞ்சும் √உயரம்தான் வர்க்கமூலச் சார்புகள் என்ற குடும்பத்தின் தாய்ச் சார்பு, அதாவது மற்றவை எல்லாம் பிறக்கும் எளிய வடிவம். அதன் வரைபடம் பூச்சியத்தில் கிளம்பும்போது செங்குத்தாக எழும்பி, போகப்போகச் சாய்ந்து படுக்கும். ஆனால் ஏறுவதை நிறுத்தாது. 3.57ஆல் பெருக்கும்போது வரைபடம் மேல்நோக்கி இழுபடுகிறது, அவ்வளவே.

மூலக்குறிக்குள் (√) ஓர் எண்ணைக் கூட்டினால்தான் குழப்பம். கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் ஒரு மொட்டைமாடி. மாடித் தரையிலிருந்து உயரத்தை அளந்தால் சார்பு √(உயரம் + 4) ஆகிறது. கூட்டியிருக்கிறோம், வரைபடமோ இடப்பக்கம் நகர்கிறது! பள்ளியில் இதை நான் புரியாமலே மனப்பாடம் செய்தேன். மாடியில் நின்று யோசித்தால் எளிது: −4 என்பது மாடித் தரைக்கு 4 மீட்டர் கீழே, அதாவது கண் நீர்மட்டத்தில். அங்கே அடிவானத் தூரம் பூச்சியம்; வரைபடம் பிறப்பதும் அங்கேதான். இன்னும் இறங்கினால் கண் தண்ணீருக்குள், மூலக்குறிக்குள் குறை எண், மெய்யெண் விடை கிடையாது. மதிப்பகம் (சார்பில் போடக்கூடிய எண்களின் தொகுப்பு) −4இல் தொடங்குவதன் பொருள் இதுதான்.

கனமூலத்துக்கு இந்தத் தடை இல்லை. −8இன் கனமூலம் −2. அதன் தாய்ச் சார்பு பூச்சியத்தைக் கடந்து மறுபக்கமும் தயங்காமல் இறங்கிவிடும்.