“வாய்வு” என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

“ஏனுங்க டாக்டர், வெறும் வாய்வுப் புடிப்புதானுங்களே? சோடா குடிச்சதும் தேவலைங்க.” ராத்திரி நெஞ்சடைத்து விடிந்து வருகிறவரும் இதையே சொல்கிறார், கூட வருகிற ஒரம்பரையும் இதையே சொல்கிறார்கள். இந்த வாரமும் கேட்டாயிற்று. அது மாரடைப்பாகவும் இருக்கலாம், அதாவது இதயத் தசைக்கே ரத்தம் போகாமல் அடைபடுவது. அதற்குள் சுக்குக் கஷாயம், ஓமத் தண்ணி, கேஸ் மாத்திரை, முதுகில் எண்ணெய் போட்டு நீவல், பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

இதயம் முழுக்க ரத்தம்தானே, அதற்கே எப்படி ரத்தம் பற்றாமல் போகும் என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். கீழ்பவானி வாய்க்கால் தோட்டத்தை ஒட்டியே ஓடினாலும் மதகு வழியாக வந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். அறைகளுக்குள் ஓடும் ரத்தத்தால் இதயத் தசை பிழைக்காது. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிளம்பும் இடத்திலேயே பிரிகிற வலது, இடது என்ற இரண்டு குழாய்கள்தான் வெளிப்புறமாக வந்து தசைக்குள் இறங்குகின்றன. அவற்றின் குறுக்களவு சுமார் 3, 4 மில்லிமீட்டர். உள்சுவரில் படிந்த கொழுப்பு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்தால், நிமிடங்களில் அடைத்துவிடும். 20 முதல் 30 நிமிடத்தில் தசை சாகத் தொடங்கும். ஆறு மணி நேரத்துக்குள் காப்பாற்றக்கூடியதில் பெரும்பகுதி போய்விடும். போனது திரும்ப வளராது.

இப்போது அந்த வாய்வுக்கு வருகிறேன். பெரும்பாலானோருக்கு வலது குழாய்தான் இதயத்தின் அடிப்பகுதிக்கு ரத்தம் கொடுக்கிறது. அந்தப் பகுதி உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை) மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கீழே இரைப்பை. அங்கே அடைப்பு வந்தால் மேல்வயிறு எரியும், குமட்டும், ஏப்பம் வரும், வாந்தி வரும், வேர்த்துக் கொட்டும். ஏப்பம் வந்தது, அதனால் வாய்வு என்ற கணக்கே தப்பு. சோடாவில் குறைந்தது என்பதும் சான்று ஆகாது. உறைகட்டி கொஞ்சம் கரையும், மறுபடி உறையும். வலியும் அதற்கேற்ப ஏறி இறங்கும். இறங்குகிற நேரத்தில் சோடா உள்ளே போயிருக்கும், அவ்வளவுதான். நோம்பிக்குக் கறிச்சோறு தின்ற ராத்திரி வந்தது, ஆகவே அஜீரணம் என்கிறீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் இதயத்துக்கும் வேலை கூடும். மாரடைப்பு அந்த நேரத்திலும் வரும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் போகலாம். பெண்களுக்குப் பல சமயம் மூச்சிரைப்பு, தாடை வலி, காரணமில்லாத அசதி என்றுதான் தொடங்கும்.

தாடையிலிருந்து தொப்புள் வரை எங்கே அழுத்தமோ எரிச்சலோ வந்து 15 நிமிடம் நீடித்தாலும், கூடவே வேர்த்தாலும், ஈசிஜி எடுத்தாக வேண்டும். வேர்வை இருந்தால் அந்த 15 நிமிடமும் காத்திருக்காதீர்கள். முதல் ஈசிஜி நார்மல் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். வலி நிற்கவில்லை என்றால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும். இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் ஆரம்பத்தில் நெகட்டிவாக இருந்து, சில மணி நேரம் கழித்து ஏறலாம். போன மாதம் ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல் என்பதும் காப்பாற்றாது. குழாயைப் பாதிகூட மறைக்காத கொழுப்புப் படிவும் வெடிக்கும்.

108-ஐ அழையுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவராதீர்கள், மாடிப்படி ஏற்றாதீர்கள், அவரையே கார் ஓட்ட விடாதீர்கள். ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கலாம். அலர்ஜி, ரத்தக் கசிவு, பக்கவாத அறிகுறி, முதுகைக் கிழிப்பது போன்ற வலி இருந்தால் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் சார்பிட்ரேட்டை (நெஞ்சுவலிக்குத் தருகிற நைட்ரேட் மாத்திரை) நாக்கடியில் வைக்காதீர்கள், சிலருக்குப் பிரஷர் சரிந்துவிடும்.

எங்கே போவது? 2 மணி நேரத்துக்குள் குழாய் அடைப்பைப் பலூன் வைத்துத் திறக்க முடிகிற கேத் லேப் (அதற்கான சிகிச்சை அறை) உள்ள இடம் என்றால் நேராக அங்கே. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முடியும். மலைமேல் இருக்கும் தாளவாடிக்காரர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர வேண்டும். அங்கெல்லாம் அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலேயே உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு, பிறகு கோவைக்கு அனுப்புவதுதான் சரி. அந்த ஊசிக்கு வலி தொடங்கியதிலிருந்து 12 மணி நேரம்தான் கெடு, முதல் 3 மணி நேரத்தில்தான் முழுப் பலன். அப்படித் தொலைவில் இருப்பவர்கள் ஊர் சுகாதார நிலையத்தை அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள். 2023 முதல் தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் டோஸ் அங்கேயே தருகிறார்கள்.

பனியன் கம்பெனி, தறிக்குடோன் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நைட் ஷிப்ட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்தால் சூப்பர்வைசர் முதலாளியை எழுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இருபத்துநாலு மணி நேரமும் கேத் லேப் இயங்கும் ஆஸ்பத்திரியின் நம்பரை டைம் ஆபீஸ் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். யாரையும் கேட்காமல் கூட்டிப்போக இப்போதே அனுமதி கொடுத்து வையுங்கள்.