ஆதிதைவிகம்: தெய்வத்தால் வரும் துன்பம்

வெள்ளமோ புயலோ ஓர் ஊரைப் புரட்டிப் போட்டதும் இரண்டு பேச்சுகள் தவறாமல் காதில் விழும். ஒன்று, "தெய்வக் குத்தம்." இன்னொன்று, "அவங்கவங்க கர்மா." இரண்டையும் சாத்திரமே சொன்னது போலச் சொல்வார்கள். ஆனால் மழையும் காற்றும் இடியும் தரும் துன்பத்துக்கென்றே சாத்திரங்களில் தனியாக ஒரு சொல் இருக்கிறது: ஆதிதைவிகம். உபந்நியாசங்களில் சில சமயம் காதில் விழும், பழைய உரைகளில் கண்ணில் படும். அதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், அந்த இரண்டு பேச்சுமே அதற்குள் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஆதி' என்று தொடங்குவதால் ஆதிபகவன், ஆதிகாலம் என்பவற்றில் வரும் ஆதிதான் இது என்று பலர் நினைக்கிறார்கள். 'ஆதியிலேயே தெய்வம் விதித்தது' என்று பொருள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. தமிழ் எழுத்தில் த ஒன்றுதான், வடமொழியில் நான்கு. தொடக்கம் என்று பொருள்படும் ஆதியில் இருப்பது மூன்றாவது த. இங்கே இருப்பது மூச்சை அழுத்திச் சொல்லும் நான்காவது த. அதிகாரம், அதிபதி என்ற சொற்களின் முன்னால் நிற்கும் 'அதி'தான் இது. 'மேலே', 'சார்ந்து', 'பொறுப்பில்' என்று அதற்குப் பொருள். அதி, தேவ இரண்டும் சேர்ந்து வழிச்சொல் ஆகும்போது அகரம் ஆகாரமாகவும் ஏகாரம் ஐகாரமாகவும் மாறுகின்றன. வேதம் வைதிகம் ஆனது போல, தேவம் தைவிகம் ஆயிற்று. ஆக, ஆதிதைவிகம் என்றால் தேவரைச் சார்ந்து வருவது.

இந்தச் சொல் தனியாக வருவதில்லை, மூன்று பேர் கொண்ட குடும்பம். ஆத்தியாத்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம். மூன்றையும் சேர்த்துத் தாபத்திரயம், அதாவது மூன்று துன்பங்கள், என்பார்கள். சாங்கியம் என்ற பழைய தத்துவ மரபுக்கு ஈசுவரகிருஷ்ணர் எழுதிய செய்யுள் நூலான சாங்கிய காரிகை தொடங்குவதே இங்கேதான். இந்த மூன்று துன்பங்களும் வந்து தாக்குவதால்தான் அவற்றை நீக்கும் வழியைத் தெரிந்துகொள்ளும் ஆசை மனிதனுக்குப் பிறக்கிறது என்கிறது முதல் காரிகை. ஒரு தத்துவ நூல் கடவுள் வாழ்த்தில் தொடங்காமல் வலியில் தொடங்குவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

அதற்குக் கௌடபாதர் உரை எழுதினார். காய்ச்சல் முதலான உடல்நோயும், பிடித்தவரைப் பிரிவது போன்ற மனநோவும் முதல் வகையான ஆத்தியாத்மிகம். மனிதர், விலங்கு, பறவை, பாம்பு, கொசு, பேன், மூட்டைப்பூச்சி, முதலை என்று பிற உயிர்கள் தருவது இரண்டாம் வகையான ஆதிபௌதிகம். பட்டியலை அவர் பேன்வரை இழுத்துக்கொண்டு போவதைப் பாருங்கள். சின்னத் தொல்லையையும் துன்பக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும் என்று நினைத்தவர் அவர்.

மூன்றாவதற்கு வரும்போது ஒரு நல்ல வேலை செய்கிறார். தைவம் என்ற சொல்லுக்கு இரண்டு வழியில் பொருள் சொல்கிறார்: தேவர்களுடையது தைவம், அல்லது 'திவ்' எனப்படும் வானத்திலிருந்து வருவது தைவம். குளிர், வெப்பம், காற்று, மழை, இடி விழுதல் ஆகியவை எடுத்துக்காட்டு. விஷ்ணு புராணத்தின் ஆறாம் அம்சத்தில் பராசரர் மைத்திரேயருக்குச் சொல்லும் பட்டியலும் இதே போலத்தான்: குளிர், வெப்பம், காற்று, மழை, நீர், மின்னல். சாங்கிய காரிகைக்கு உரை எழுதிய இன்னொருவரான வாசஸ்பதி மிசிரர் மட்டும் யட்சர், இராட்சதர், கிரகம் பிடிப்பதால் வருவது என்று வேறு பக்கம் திருப்புகிறார். எல்லா உரைகாரரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் 'தெய்வம்' தீர்ப்புச் சொல்லும் ஒற்றைக் கடவுள் அல்ல. காற்றுக்கு வாயு, தீக்கு அக்கினி, நீருக்கு வருணன் என்று பொருள்களின் மேல் நிற்கும் ஆற்றல்கள். தமிழுக்கு இது புதிதும் இல்லை. தொல்காப்பியம் மருதத்துக்கு வேந்தனையும் நெய்தலின் பெருமணல் உலகத்துக்கு வருணனையும் சொல்கிறது. 'தெய்வத்தால் வந்த துன்பம்' என்றால் 'வானமும் கடலும் தந்த துன்பம்' என்றுதான் அந்தப் பட்டியலை எழுதியவர்கள் நினைத்தார்கள். துன்பம் எந்த வாசல் வழியாக வந்தது என்பதை மட்டும் இந்தச் சொல் சொல்கிறது. வந்தது யார் வீட்டுக்கு, அவர் என்ன பாவம் செய்தார் என்பதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

அப்படியானால் கர்மாவுக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, மறைக்கக் கூடாது. உலகில் ஒருவர் வாடவும் ஒருவர் வாழவும் காண்கிறோமே, கடவுள் பாரபட்சமும் இரக்கமின்மையும் உள்ளவரா என்ற கேள்வியை வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரம் (2.1.34) நேராகவே எடுத்துக்கொள்கிறது. இல்லை, அவரவர் வினையைச் சார்ந்தே அது நடக்கிறது என்று விடை சொல்கிறது. சங்கரர் அங்கே மழையை உவமையாக்குகிறார்: நெல்லுக்கும் வாற்கோதுமைக்கும் மழை பொது, வேறுபாடு விதையில். ஆனால் இது கடவுள் மேல் பழி வராமல் காக்க எழுந்த விடை. கரையில் பிணத்தோடு உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய்ச் சொல்வதற்காக எழுந்தது அல்ல. 'கர்மத்தின் போக்கு ஆழமானது' என்று கீதை (4.17) சொல்கிறது. கண்ணனே ஆழம் என்று சொன்ன ஒன்றை, அண்டை வீட்டார் விஷயத்தில் ஒரே நொடியில் அளந்து சொல்லிவிடுகிறோமே என்றுதான் என் வருத்தம்.

இந்தத் தடுமாற்றம் பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் அப்போது தமிழகத்தில் இருந்த காந்தி, அந்த மாதம் 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, நம் பாவங்களுக்காகக் கடவுள் தந்த தண்டனை இது, தீண்டாமை என்ற பாவத்துக்கானது என்றார். இரவீந்திரநாத் தாகூர் அதிர்ந்துபோனார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்க முடியும், இப்படிப்பட்ட அறிவியலுக்கு ஒவ்வாத பார்வையை மக்கள் எளிதில் ஏற்றுக்கொள்வார்கள் என்று எழுதினார். அந்த மறுப்பைக் காந்தி தன்னுடைய ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டு, தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் பதிலும் எழுதினார். தீண்டாமை பாவம் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த வாதத்தில் நான் தாகூர் பக்கம். பீகாரில் இடிந்த வீடுகளுக்குள் தீண்டாமைக்கு ஆளானவர்களும்தானே இருந்தார்கள். ஆதிதைவிகத்தைத் தண்டனையாக மாற்றியதும் அந்தச் சொல் தாங்க முடியாத சுமையைத் தூக்க வேண்டியதாகிறது.

பழிக்கு ஒரு முகவரி வேண்டும் என்றால் பழைய நூல்கள் வேறு ஒரு முகவரியைக் காட்டுகின்றன. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் விமான ஸ்தானம் என்ற பகுதி, மூன்றாம் அத்தியாயம். உடல்வாகும் உணவும் வயதும் வேறு வேறாக இருக்கும் மக்கள் ஒரே நேரத்தில் ஒரே நோயில் எப்படிச் சாகிறார்கள் என்று மாணவர் அக்கினிவேசர் கேட்கிறார். காற்று, நீர், நிலம், காலம் என்ற நான்கும் கெடுவதால் என்கிறார் ஆசிரியர் ஆத்திரேயர். அவை ஏன் கெடுகின்றன? அதர்மத்தால். அது எங்கே தொடங்குகிறது? நாட்டையும் நகரையும் நடத்துகிற தலைவர்களிடம். புறநானூற்றில் (35) வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனுக்குச் சொன்னதும் இதே திசையில்தான் போகிறது:

மாரி பொய்ப்பினும் வாரி குன்றினும்
இயற்கை அல்லன செயற்கையில் தோன்றினும்
காவலர்ப் பழிக்கும் இக்கண்ணகன் ஞாலம்

மழை தவறினாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்று முகத்துக்கு நேரே பாடி, பழைய நிலக்கடனைத் தள்ளுபடி செய்யவைத்துக்கொண்டு போனார் அந்தப் புலவர்.

கௌடில்யரின் அர்த்தசாத்திரம் இன்னும் வெளிப்படை. தீ, வெள்ளம், நோய், பஞ்சம், எலி, கொடிய விலங்கு, பாம்பு, அரக்கர் என்ற எட்டையும் 'தெய்வத்தால் வரும் பெரும் அச்சங்கள்' என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே 'அவற்றிலிருந்து அரசன் நாட்டைக் காக்க வேண்டும்' என்கிறது. மழைக்கால இரவுகளில் ஆற்றோரத்து ஊரார் வெள்ளமட்டத்தை விட்டு விலகித் தங்க வேண்டும். கட்டை, மூங்கில், படகு தயாராக வைத்திருக்க வேண்டும். வெள்ளத்தில் போகிறவரைக் காப்பாற்ற வராதவருக்கு 12 பணம் தண்டம், படகு இல்லாதவருக்கு மட்டும் விலக்கு. தெய்வத்தால் வந்தது என்று சொன்ன அதே மூச்சில் படகை எடு என்று சொல்லும் மரபு இது.

கதை வடிவில் இதையே மதுரைக்காரர்கள் வருடம்தோறும் கொண்டாடுகிறார்கள். திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கவாசகருக்காகச் சிவன் வையையைப் பெருக்குகிறான். அந்தப் படலத்தின் பெயரிலேயே 'வையை அழைத்த' என்று இருக்கிறது. அப்பட்டமான ஆதிதைவிகம், சாட்சாத் தெய்வமே அனுப்பிய வெள்ளம். அப்புறம் என்ன நடக்கிறது? கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரச்சொல்கிறான் பாண்டியன். பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. வெள்ளத்தை அனுப்பிய அதே சிவன், உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு, தலையில் சும்மாடு கட்டி, மண் சுமக்க வந்து நிற்கிறான். வேலையில் விளையாடியதற்காகப் பிரம்படி விழ, அது பாண்டியன் முதுகிலும் எல்லா உயிர் மேலும் பட்டது. ஆவணியில் புட்டுத்தோப்புக்குச் சுவாமி எழுந்தருளும்போது யாரும் 'வந்தி என்ன பாவம் செய்தாள்' என்று கேட்பதில்லை. கரையில் அவள் பங்கை யார் அடைத்தார் என்பதுதான் கதை.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, பரிமேலழகர் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'வேண்டுதல் வேண்டாமை இலானடி சேர்ந்தார்க்கு யாண்டும் இடும்பை இல' என்ற நான்காம் குறளின் உரையில், பிறவித் துன்பங்களாவன 'தன்னைப் பற்றி வருவனவும், பிற உயிர்களைப் பற்றி வருவனவும், தெய்வத்தைப் பற்றி வருவனவும்' என்று மூன்றாகச் சொல்கிறார். வடசொல் மூன்றும் அப்படியே தமிழாகிவிட்டன. இங்கே 'பற்றி' என்பது 'காரணமாக' என்ற பொருளில் வருகிறது. இன்றைய நடையில் தன்னால் வருவது, பிற உயிரால் வருவது, தெய்வத்தால் வருவது என்று எழுதினால் போதும்.

'இயற்கைச் சீற்றம்' என்பதை இதற்கு ஈடாக நான் பயன்படுத்துவதில்லை. சீற்றம் என்றாலே யார் மேல் கோபம் என்ற கேள்வி வந்து ஒட்டிக்கொள்கிறது. 'பேரிடர்' நல்ல சொல். நெடுங்களத்தில் சம்பந்தர் 'இடர் களையாய்' என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டாரே, அந்த இடர்தான் இன்று சட்டத்தின் பெயரிலும் அரசு அறிவிப்பிலும் இருக்கிறது. அதில் கோபமும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் பேரிடர் நிகழ்வின் பெயர், ஆதிதைவிகம் துன்பம் வந்த வழியின் பெயர். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

மூன்று வகைத் துன்பங்களின் வேறுபாட்டை 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியை வைத்துப் பார்க்கலாம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோன அந்த அலை, தெய்வத்தால் வந்தது. அதற்குப் பிறகு உதவிப் பொருள் பங்கிடும் இடத்தில் சாதி பார்த்துச் சிலரைத் தள்ளி நிறுத்தியிருந்தால், அது பிற உயிரால் வந்தது. ஆதிபௌதிகம், கொசுவும் பேனும் இருக்கும் அதே வகை. அலைச் சத்தம் கொஞ்சம் உயர்ந்தாலும் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட கரையோரத்துத் தாய்க்கு இருந்தது, தன்னால் வருவது.