32 கேபிக்குள் ஒரு நிரல்

ஆர்டுயினோ ஊனோ பலகையில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் நிரலைச் சேமிக்கும் ஃப்ளாஷ் நினைவகம் 32 கேபிதான். அதிலும் அரை கேபியை, கணினியிலிருந்து வரும் நிரலைச் சிப்பில் ஏற்றும் பூட்லோடர் எடுத்துக்கொள்ள, நமக்கு மிஞ்சுவது 32,256 பைட். நிரல் அதைத் தாண்டிவிட்டால் எந்த வரியை வெட்டலாம் என்றுதான் முதலில் தேடுவோம். ஒரு வரியைக்கூடத் தொடாமல், நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக்கும் கம்பைலரின் அமைப்புகளை மாற்றியே அளவை நன்றாகக் குறைக்க முடியும்.

ஜிசிசி கம்பைலரில் ஓ0 (-O0) என்ற அமைப்புக்கு எந்த மேம்படுத்தலும் வேண்டாம் என்று பொருள். அப்படியானால் நிரல் சிறிதாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு மாறியையும் நினைவகத்தில் எழுதி, அடுத்த வரிக்கே அதை மறுபடி அங்கிருந்து எடுக்கும் கட்டளைகள் வரிசையாகச் சேரும். பிழை தேட அது வசதி, ஆனால் நிரல் வீங்கும். ஓ2 கொடுத்தால் மாறிகள் செயலியின் உள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டரிலேயே தங்கும், வீண் கணக்குகள் நீங்கும், பெரும்பாலும் அளவும் இறங்கும். ஓ3 வேகத்துக்காகச் சிறிய லூப்களை விரித்து எழுதும், ஃபங்ஷன்களை அழைக்கும் இடத்திலேயே நகலெடுத்து வைக்கும். அளவு மறுபடி ஏறும். ஓஎஸ் (-Os) என்பது ஓ2-இல் அளவைக் கூட்டும் வேலைகளை மட்டும் தவிர்ப்பது. ஆர்டுயினோ ஐடிஇ ஊனோவுக்கு இதையே இயல்பாக வைத்திருக்கிறது.

ஆனால் பெரிய வித்தியாசம் பலமுறை, கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கரிடம்தான் இருக்கிறது. சாதாரணமாக ஒரு சி கோப்பின் ஃபங்ஷன்கள் எல்லாம் ஒரே பகுதியாகச் சேர்ந்துவிடும். அதில் ஒன்றை அழைத்தால் போதும், மற்றவையும் கூடவே வந்துவிடும். ஃபங்ஷன்-செக்ஷன்ஸ் என்ற அமைப்பு ஒவ்வொன்றையும் தனிப் பகுதியாகப் பிரிக்கிறது. பிறகு ஜிசி-செக்ஷன்ஸ் என்று லிங்கரிடம் சொன்னால், தொடக்கத்திலிருந்து யார் யாரை அழைக்கிறார்கள் என்று தடம் பிடித்துப்போய், யாரும் அழைக்காததை விட்டுவிடும். முதல் அமைப்பை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்தால் பலன் எதுவும் இல்லை.

நூலகத்துக்கும் இதே கணக்குதான். இந்தச் சிப் வகைக்கான சி நூலகமான ஏவிஆர் லிப்சியில், மதிப்புகளை எழுத்தாக்கி அச்சிடும் பிரிண்ட்எஃப் மூன்று வடிவங்களில் இருக்கிறது. இயல்பான வடிவத்தில் தசமப் புள்ளி உள்ள எண்களை அச்சிடும் பகுதியே கிடையாது. அதே வகையான ஸ்பிரிண்ட்எஃப் கொண்டு வெப்பநிலையை எழுதப்போனால் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறி வருவது இதனால்தான். லிங்கர் அமைப்பில் தசம வடிவத்தைக் கேட்டு வாங்கலாம், அதற்கு ஃப்ளாஷில் இடம் கொடுக்க வேண்டும். எல்லோர் தலையிலும் அந்தச் சுமையை ஏற்றாமல் விட்டது நல்ல முடிவு.

சரி, அளவை எங்கே பார்ப்பது? லிங்கர் தரும் எல்ஃப் கோப்பில் பிழை தேடுவதற்கான டீபக் தகவல்களும் சேர்ந்திருக்கும், அவை சிப்புக்குப் போவதில்லை. சிப்பில் ஏற்றப் பயன்படும் ஹெக்ஸ் கோப்போ ஒவ்வொரு பைட்டையும் இரண்டு எழுத்துகளாக எழுதுவதால் நிரலைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. அதனால் ஏவிஆர்-சைஸ் கருவியை ஓட்டிப் பார்ப்பதே சரி. அது காட்டும் டெக்ஸ்ட் (கட்டளைகள்), டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகள்) இரண்டின் கூட்டல் ஃப்ளாஷில் பிடிக்கும் இடம். டேட்டாவும் பிஎஸ்எஸ்ஸும் (பூஜ்யத்தில் தொடங்கும் மாறிகள்) சேர்ந்தது ரேமில் பிடிக்கும் இடம். அந்த ரேம் மொத்தமே 2 கேபி, ஃபங்ஷன்கள் ஓடும்போது பயன்படுத்தும் ஸ்டாக்கும் அதற்குள்தான் வளர வேண்டும்.