புடையன் நஞ்சும் அரிக்கன்சட்டியும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை வெட்டுக் காலம் வந்தால் நெல்லைத் தேடி எலி வரும். எலியைத் தேடிப் புடையன் (கண்ணாடி விரியன்) பாம்பு வரும். கடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் நஞ்சுமுறி மருந்து இந்தியாவில் குதிரை இரத்தத்திலிருந்து தயாராவது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, நஞ்சைப் பற்றி முடக்க அதன் உடல் உருவாக்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்துதான். ஆனாலும் குதிரைப் புரதத்தை நம் உடல் அந்நியமாகவே பார்க்கிறது. மருந்து ஏறும்போதே சிலருக்கு நடுக்கமும் தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்துவிடுகின்றன.

மனிதப் பிறபொருளெதிரியையே ஆய்வுகூடத்தில் உருவாக்க முடியாதா? முடியும், அதுவும் கோடிக்கணக்கில். மனித இரத்தக் கலங்களிலிருந்து பிறபொருளெதிரியின் பற்றும் நுனிக்குரிய மரபணுக்களை எடுத்து, பக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்குள் வைக்கிறார்கள். ஒவ்வொரு வைரஸும் வெளியே ஒரு நுனியையும் உள்ளே அந்த நுனிக்கான மரபணுவையும் சுமக்கும். கையும் கையைச் செய்யும் குறிப்பும் ஒரே பொட்டலத்தில்! 1985இல் ஜோர்ஜ் ஸ்மித் காட்டிய வழி இது. கிரெகரி வின்டர் அதைப் பிறபொருளெதிரிக்குப் பயன்படுத்தினார். 2018இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தது அரிப்பு. உட்புறம் வரிகள் கொண்ட அரிக்கன்சட்டியில் கல் நீக்க அரிசி அரித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வித்தியாசம், இங்கே நமக்கு வேண்டியது அடியில் தங்கும் கல்தான். நஞ்சு ஒட்டிய தட்டில் வைரஸ் கூட்டத்தை ஊற்றிக் கழுவினால், நஞ்சைப் பற்றியவை மட்டும் தங்கும். அவற்றைப் பக்டீரியாவில் பெருக்கி மறுபடி ஊற்றுகிறார்கள், மறுபடி கழுவுகிறார்கள். மூன்று நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றும் முன்னையதைவிடக் கடுமையாக.

தங்கியதெல்லாம் மருந்தாகிவிடாது. 96 குழிகள் கொண்ட தட்டுகளில், குழிக்கு ஒன்றாக இட்டு, நஞ்சைப் பற்றியதைக் காட்டும் நிறமாற்றத்தைப் பார்க்கிறார்கள். எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது, வேறெதையாவது பற்றுகிறதா, சூட்டைத் தாங்குமா என்று சோதனைகள் நீளும். பற்றுவது வேறு, நஞ்சை முடக்குவது வேறு. பெரும்பாலானவை இங்கேதான் கழிந்துபோகின்றன என்பது என் எண்ணம்.

இந்த வழியில் பிறந்த முடக்குவாத மருந்தான அடாலிமுமாப் 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார், 5,000 கோடிக்கும் மேற்பட்ட மனிதப் பிறபொருளெதிரிகளை அலசிக் கண்டெடுத்த ஒன்றை வெளியிட்டனர். நாகம், கட்டுவிரியன், ஆபிரிக்காவின் மாம்பா ஆகிய பாம்பினங்களின் நஞ்சு ஏற்றிய எலிகளை அது காத்தது.

புடையனுக்கு அது உதவாது. நரம்பை முடக்கும் ஒருவகை நஞ்சையே அது பற்றும். புடையன் நஞ்சோ இரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தையும் கெடுக்கும் பல புரதங்களின் கலவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அரித்துத்தான் ஆக வேண்டும்.